கணிப்பும் உரைகல்லும்: அவதிநிலைப் பாதுகாப்புப் பரிசோதனைகளின் வரலாறு

கருப்பிளவின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புக்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1938 ஆம் ஆண்டின் இறுதியிலே பேர்லின் நகரில் ஒற்றோ ஹானும் பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் நிகழ்த்திய பரிசோதனை, 1942 இல் சிக்காகோவில் இயங்கிய முதலாவது அணு உலை, 1945 இல் ஹிரோசிமாவும் நாகசாகியும் எய்திய அழிவு ஆகியன அவ்வரலாற்றின் நன்கறியப்பட்ட மைல்கற்களாம். இவற்றின் நிழலிலே பிறிதொரு வரலாறும் உண்டு. பிளவுறும் பொருளை உருக்கியும் கரைத்தும் வடித்தும் தொழில்புரிவோர், ஒரு கலத்திலே எவ்வளவு பொருளை வைக்கலாம் என்று கேட்டபோது, அதற்கு விடை கூறியோர் தம் விடை சரியானதே என்பதை எவ்வாறு அறிந்துகொண்டனர் என்பதே அவ்வரலாறாகும்.

இவ்வினா மேலோட்டமாக நோக்குவார்க்கு எளிதாகத் தோன்றலாம். கணிதம் வல்லார் கணித்தனர். பொறியியலாளர் அதன்படி செய்தனர் என்று விடையும் கூறிவிடலாம். ஆனால், இத்துறையிலே கணிப்பு ஒருபோதும் தனித்து நின்றதில்லை. பொன்னுக்கு உரைகல் எவ்வாறோ அவ்வாறே கணிப்புக்குப் பரிசோதனை வேண்டப்பட்டது. அவ்வுரைகல்லும் தானாகக் கிடைப்பதன்று. இன்ன கணிப்பை இன்ன வகையில் உரைத்துப் பார்த்தல் வேண்டும் எனத் திட்டமிட்டு ஆக்கப்படுவது. அத்திட்டமிடல் ஏறத்தாழ 80 ஆண்டுகளிலே எவ்வாறு வளர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவதிநிலை எனும் எல்லை

யுரேனியம்-235 அல்லது புளூத்தோனியம்-239 இன் கருவொன்று நியூத்திரன் ஒன்றை ஏற்றுப் பிளவுறும்போது சக்தியுடன் இரண்டு அல்லது மூன்று புதிய நியூத்திரன்களும் வெளிப்படுகின்றன. அவற்றுட் சில பொருளைவிட்டு வெளியேறும். சில பிளவின்றி உறிஞ்சப்படும். எஞ்சியவை வேறு கருக்களைப் பிளக்கும். ஒரு தலைமுறை நியூத்திரன்களின் தொகைக்கும் அதற்கு முந்திய தலைமுறையின் தொகைக்கும் உள்ள விகிதம் பெருக்கக் காரணி எனப்படும். அக்காரணி 1 இலும் குறைவாயின் சங்கிலித் தாக்கம் அடங்கிவிடும். அது 1 ஆகுமிடத்துத் தாக்கம் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும், இதுவே அவதிநிலை. 1 ஐ விஞ்சுமாயின் தாக்கம் கணத்துக்குக் கணம் பெருகும். பொறுத்த வடிவிலும் சூழலிலும் அவதிநிலையை எய்துவதற்கு வேண்டிய பொருளின் அளவு அவதித் திணிவு எனப்படுகின்றது.

அவதித் திணிவு ஒரு பொருளுக்கு ஒன்றே என எண்ணுதல் பெருந்தவறாகும். உயர்செறிவூட்டிய யுரேனிய உலோகக் கோளமொன்று வெறுமனே இருக்கும்போது அவதிநிலையை எய்துவதற்கு 50 கிலோகிராமுக்கும் சற்று அதிகம் வேண்டும். அதே யுரேனியம்-235 நீரிலே உகந்த செறிவில் பரவி, நீராலே சூழப்பட்டும் இருப்பின் ஏறத்தாழ 0.8 கிலோகிராமே போதுமானது. நீரிலுள்ள ஐதரசன் கருக்களுடன் மோதுண்டு வேகந்தணிந்த நியூத்திரன்கள் பிளவை எளிதில் நிகழ்த்துவதே இதற்குக் காரணம். புறத்தே சூழ்ந்துள்ள பொருள் வெளியேறும் நியூத்திரன்களை மீண்டும் உள்ளே தெறிக்கச் செய்வதும் அவதித் திணிவைக் குறைக்கும். அருகில் நிற்கும் மனிதனின் உடலும் பெரும்பாலும் நீரே ஆதலால், அதுவும் இவ்வகையில் ஒரு தெறிப்பானாகும். திணிவு, வடிவம், செறிவு, அடர்த்தி, தெறிப்பு, உறிஞ்சல், அயலிலுள்ள ஏனைய கலங்கள் என்னும் அனைத்தும் ஒருங்கே இவ்வெல்லையைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் ஒன்றையேனும் பார்வையினின்றும் தவறவிட்டவர் எல்லை எங்குள்ளது என்பதை அறியமாட்டார்.

முதலாவது வினா: எவ்வளவு வேண்டும்?

1940 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒற்றோ பிரிஷும் ருடொல்ப் பையெர்ல்சும் குறிப்பாவணம் ஒன்றை வரைந்தனர். தூய யுரேனியம்-235 இன் அவதித் திணிவு ஏறத்தாழ 600 கிராம் என அதில் கணிக்கப்பட்டிருந்தது. உண்மை அளவோ அதன் எண்பது மடங்கினை விஞ்சியது. இருவரும் ஒப்பற்ற பௌதிகவியலாளர். அவர்தம் சமன்பாட்டிலோ எண்கணிதத்திலோ இவ்வளவு பெரிய குறை இருந்ததில்லை. நியூத்திரன் ஒன்று யுரேனியக் கருவைப் பிளக்கும் வாய்ப்பைக் குறிக்கும் குறுக்குவெட்டின் பெறுமானம் அப்பொழுது அளந்தறியப்படாதிருந்தது. அவர்கள் ஊகித்த பெறுமானம் உண்மையினும் பன்மடங்கு பெரிதாயிற்று. கணிப்பின் வழி பிழையற்றதாயினும் அதனுட் புகும் தரவு பிழைபடின் விடையும் பிழைபடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இத்துறை வரலாற்றில் இல்லை எனலாம். பிற்காலத்திலே பாதுகாப்புப் பரிசோதனைகளை வகுத்தோர் எதிர்கொண்ட சிக்கலின் வித்து இவ்வாவணத்திலேயே இருந்தது.

1942 டிசெம்பர் 2 ஆம் நாள் சிக்காகோப் பல்கலைக்கழகத்திலே என்றிக்கோ பெர்மி தலைமையில் இயக்கப்பட்ட உலை, கணிப்பைப் பரிசோதனையால் படிப்படியாக உறுதிசெய்யும் முறையை நிலைநாட்டியது. பென்சிற்கரிக் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கடுக்காக எழுப்பியபோது, அடுக்குகள் கூடுந்தோறும் நியூத்திரன் எண்ணிக்கை அளக்கப்பட்டது. அவ்வெண்ணிக்கையின் தலைகீழ்ப் பெறுமானம் வரைபிலே குறிக்கப்பட்டது. அவதிநிலை நெருங்க நெருங்கத் தலைகீழ்ப் பெறுமானம் பூச்சியத்தை நோக்கிச் செல்லும். ஆதலின், கோட்டை முன்னோக்கி நீட்டி எத்தனையாம் அடுக்கில் அவதிநிலை எய்தப்படும் என்பதை முன்னரே அறிய முடிந்தது. 57 அடுக்குகள் எழும்பிய பின், கட்டுப்பாட்டுக் கோலைச் சிறிது சிறிதாக வெளியே இழுத்து, ஒவ்வொரு முறையும் அடுத்த அளவீடு என்னவாகும் என்பதைக் கணித்துக் கூறிய பின்னரே பெர்மி அடுத்த படிக்குச் சென்றார். கணித்தல், அளத்தல், ஒப்பிடல், பின்னர் முன்னேறல் என்னும் இவ்வொழுங்கு இன்றும் எல்லா அவதிநிலைப் பரிசோதனைகளிலும் கைக்கொள்ளப்படுகின்றது.

ஆயினும், போர்க்கால அவசரத்திலே இவ்வொழுங்கு எங்கும் பேணப்படவில்லை. ஓக் றிட்ஜ் தொழிற்சாலையிலே யுரேனியத்தைச் செறிவூட்டியோர்க்கு, இரகசியங் காரணமாக, தாம் கையாளும் பொருளின் இயல்பு கூறப்படவில்லை. அங்கு சென்ற எமிலியோ சேக்ரே, யுரேனியக் கரைசல் சேமிக்கப்பட்ட முறையைக் கண்டு திடுக்குற்றார். நீர் நியூத்திரன்களின் வேகத்தைத் தணிக்கும் என்பதை ஆங்கிருந்தோர் அறிந்திருக்கவில்லை. பின்னர் லொஸ் அலமொசிலிருந்து றிச்சட் பெயின்மன் அனுப்பப்பட்டு, பொருளின் தன்மையை அவர்க்கு விளக்கிப் பாதுகாப்பு முறைகளை வகுக்க உதவினார். அறிவு மறைக்கப்பட்ட இடத்தில் பாதுகாப்பு நிலைக்காது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இரு மரணங்கள்

லொஸ் அலமொசில் அவதித் திணிவுகளை அளக்கும் பணிக்குப் பிரிஷ் தலைமை தாங்கினார். தெறிப்பான் ஏதுமற்ற யுரேனியச் சேர்மானம் ஒன்றின்மேல் அவர் ஒருமுறை குனிந்தபோது, அவருடைய உடலே தெறிப்பானாகி அதனை அவதிநிலைக்கு இட்டுச்சென்றது. எண்ணிக் காட்டும் விளக்குகள் இடைவிடாது ஒளிர்வதைக் கண்ட அவர் சில கட்டிகளை விரைந்து அகற்றித் தப்பினார். 1945 இன் தொடக்கத்திலே, யுரேனியச் சேர்மானத்தின் நடுத்துளையினூடாகப் பிறிதொரு யுரேனியத் துண்டை விழச்செய்து, கணப்பொழுது மாத்திரம் அவதிநிலையை விஞ்சச்செய்யும் பரிசோதனையையும் அவர் நடத்தினார். உறங்கும் பறவைநாகத்தின் வாலைச் சீண்டுவதற்கு ஒப்பானது என்று பெயின்மன் அதனை வருணித்தமையால், அதற்குப் பறவைநாகப் பரிசோதனை என்னும் பெயரே வழங்கலாயிற்று.

1945 ஆகத்து 21 ஆம் நாள் ஹரி டக்லியன் என்னும் இளம் ஆய்வாளர், 6.2 கிலோகிராம் புளூத்தோனியக் கோளத்தைச் சுற்றித் தங்குதன் காபைட்டுக் கட்டிகளைத் தனித்து நின்று அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்து வழுவிய கட்டியொன்று கோளத்தின்மீது விழுந்தது, அவதிநிலை விஞ்சப்பட்டது. 25 நாட்களின் பின் அவர் இறந்தார். 1946 மே 21 ஆம் நாள் லூயி ஸ்லோற்றின் அதே கோளத்தைப் பெரிலிய அரைக்கோளங்களால் மூடிக்காட்டினார். மேலரைக்கோளம் முற்றாக மூடாதவாறு தடுத்திருந்தது அவர் கையிலிருந்த திருப்புளி ஒன்றே. அது வழுவியது. அரைக்கோளத்தைக் கையால் தட்டிவிட்டு அவர் அறையிலிருந்த ஏனையோரைக் காத்தார். ஒன்பதாம் நாள் உயிர்நீத்தார்.

இவ்விரு மரணங்களும் பரிசோதனைகளை வகுக்கும் முறையையே மாற்றின. அவதிநிலையை அண்மித்த சேர்மானங்களைக் கையால் அமைத்தல் நிறுத்தப்பட்டது. பஜரீற்றோப் பள்ளத்தாக்கிலே, பரிசோதனைக் கட்டடத்திலிருந்து ஏறத்தாழ 400 மீற்றர் தொலைவிலுள்ள அறையிலிருந்து இயந்திரங்களை இயக்கும் முறை ஏற்பட்டது. சேர்மானம் இரு கூறாக்கப்பட்டு, ஒவ்வொரு கூறும் தனித்து அவதிநிலை எய்தாதவாறு அமைக்கப்பட்டது. மனிதர் அகன்ற பின்னரே இயந்திரம் அவற்றை இணைத்தது. தவறு நேர்ந்தால் கூறுகளைப் பிரிக்கும் பணியை மனிதக் கையினின்றும் நீக்கி ஈர்ப்பு விசையிடமே ஒப்படைக்கும் அமைப்புக்கள் எழுந்தன. பரிசோதனையின் முதலாவது விளைவு அளவீடு; அதற்கும் முந்திய கடமை பரிசோதகரின் உயிர் என்னும் தெளிவு இவ்வாறே பிறந்தது.

இரண்டாவது வினா: எவ்வளவு பாதுகாப்பானது?

போர் முடிந்த பின் யுரேனியமும் புளூத்தோனியமும் ஆய்வுகூடத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் பெருமளவில் வந்தன. அப்பொழுது வினாவும் மாறியது. ஆயுதம் வகுத்தோர் எவ்வளவு இருந்தால் அவதிநிலை எய்தும் எனக் கேட்டனர். தொழிற்சாலையோ எவ்வளவு இருந்தால் எந்நிலையிலும் எய்தாது எனக் கேட்டது. ஓக் றிட்ஜில் டிக்சன் கலிஹன் தலைமையிலும் லொஸ் அலமொசில் ஹியூ பாக்ஸ்டன் தலைமையிலும் நூற்றுக்கணக்கான அளவீடுகள் எடுக்கப்பட்டன. உருளைக் கலங்களில் யுரேனியக் கரைசலின் உயரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியும், கலங்களை ஒன்றுக்கொன்று அண்மையில் வைத்தும், நீரால் சூழ்ந்தும் சூழாதும் ஆராய்ந்தனர். 1950களில் லொஸ் அலமொசில் அமைந்த இரு கோளங்கள் பெரும்புகழ் எய்தின. கோடைவா எனப்பட்டது ஏறத்தாழ 52 கிலோகிராம் உயர்செறிவூட்டிய யுரேனியத்தாலானது, ஆரை 8.7 சென்ரிமீற்றர். ஜெசபெல் எனப்பட்டது ஏறத்தாழ 17 கிலோகிராம் புளூத்தோனியக் கலப்புலோகத்தாலானது. ஆடையற்றுக் குதிரையேறிய சீமாட்டியின் கதையை ஒட்டித் தெறிப்பானற்ற கோளத்துக்குக் கோடைவா எனப் பெயரிட்டனர்.

இவ்வளவீடுகளிலிருந்து வரைபுகளும் அட்டவணைகளும் எழுந்தன. ஒடுங்கிய உருளைக்குள் எவ்வளவு கரைசல் இருப்பினும் நியூத்திரன்கள் பக்கவாட்டில் வெளியேறிவிடும் ஆதலின், கலத்தின் வடிவமே பாதுகாவலாகும் என்னும் கொள்கை வலுப்பெற்றது. ஆயினும், விபத்துக்கள் நிகழ்ந்தன. 1958 ஜூன் 16 இல் ஓக் றிட்ஜ் தொழிற்சாலையில், பாதுகாப்பான குழாய்களினின்றும் வழிந்த யுரேனியக் கரைசல் அகன்ற பீப்பாய் ஒன்றிலே சேர்ந்து அவதிநிலை எய்தியது. எண்மர் கதிர்வீச்சுக்கு உட்பட்டனர். அவ்வாண்டு டிசெம்பர் 30 இல் லொஸ் அலமொசிலே, தொட்டியொன்றின் கரைசலில் 3 கிலோகிராமுக்கு மேற்பட்ட புளூத்தோனியம் மேற்படையாய்த் தங்கியிருந்தது. கலக்கியை இயக்கியதும் அப்படையின் வடிவம் மாறி நடுவிலே தடித்தது. இயக்கியவர் ஒன்றரை நாளில் இறந்தார். 1964 ஜூலை 24 இல் றோட் ஐலண்ட் மாநிலத்தில், ஒடுங்கிய போத்தலிலிருந்த செறிந்த கரைசல் அகன்ற தொட்டியொன்றினுள் ஊற்றப்பட்டது. ஊற்றியவர் இரு நாட்களில் மாண்டார். பின்னர் அங்கு சென்றோர் கலக்கியை நிறுத்தியபோது சுழி அடங்கிக் கரைசலின் வடிவம் மாறியதால் மீண்டும் ஒருமுறை அவதிநிலை எய்தப்பட்டது. ஓரிடத்திலே கலக்கியை இயக்கியமையும் பிறிதோரிடத்திலே அதனை நிறுத்தியமையும் ஒரே விளைவைத் தந்தமை, வடிவத்தின் வலிமையை எவ்விளக்கத்தினும் தெளிவாகக் காட்டுகின்றது.

மூன்றாவது வினா: கணிப்பு எவ்வளவு தவறுகின்றது?

தொழிற்சாலைகளின் கலங்களும் குழாய்களும் பெருகியபோது, ஒவ்வோர் அமைப்பையும் பரிசோதித்துப் பார்த்தல் இயலாததாயிற்று. இவ்விடைவெளியை நிரப்பக் கணனி வந்தது. 1940களின் பிற்பகுதியிலே உலாம், நொய்மன், மெற்றொப்பொலிஸ் ஆகியோர் வகுத்த மொன்ரே காலோ முறையிலே, நியூத்திரன் ஒவ்வொன்றின் வாழ்க்கையும் எழுமாற்று எண்களின் துணைகொண்டு தொடரப்படுகின்றது. ஓக் றிட்ஜில் உருவான கீனோ, லொஸ் அலமொசில் வளர்ந்த எம்.சி.என்.பி. ஆகிய கணனி நிரல்கள் சிக்கலான அமைப்புக்களையும் உள்ளவாறே வருணிக்கும் ஆற்றல் பெற்றன. பெருக்கக் காரணியின் பெறுமானம் பல தசம தானங்களுடன் அச்சாகி வெளிவந்தது.

நுண்மையும் செம்மையும் ஒன்றல்ல. பல தசம தானங்கள் கொண்ட விடையும் உண்மைக்குப் புறத்தே நிற்கலாம். குறுக்குவெட்டுத் தரவு, அமைப்பை வருணிக்கும் முறை, நிரலின் எடுகோள்கள் ஆகிய அனைத்தும் விடையை ஒரு பக்கமாகச் சாய்க்கவல்லன. அச்சாய்வை அறிவதற்கு வழி ஒன்றே: அவதிநிலை எய்தியதென அளந்தறியப்பட்ட சேர்மானத்தை அதே நிரலாலும் அதே தரவாலும் கணித்துப் பார்த்தல் வேண்டும். அவதிநிலையில் பெருக்கக் காரணி 1 என்பது இயற்கையே கூறும் விடை. கணனி 0.994 எனக் கூறின், சாய்வு 0.006 என்பது தெரியவரும். ஐக்கிய அமெரிக்காவிலே 1975 இல் வெளியான நியமமொன்று, கணிப்பு முறைகளை இவ்வாறு பரிசோதனையால் உறுதிசெய்தலை வேண்டியது. சாய்வையும் அதன் நிச்சயமின்மையையும் கழித்த பின்னரும் மேலுமொரு பாதுகாப்பு இடைவெளி வைக்கப்படுகின்றது. அது பெரும்பாலும் 0.05 ஆகும்.

இவ்விடத்திலே பழைய அளவீடுகளின் குறை வெளிப்பட்டது. முதலிரு வினாக்களுக்கு விடையாக எடுக்கப்பட்ட அளவீடுகள் மூன்றாவது வினாவுக்கு எப்பொழுதும் போதியனவாய் இருக்கவில்லை. கரைசலின் அவதி உயரம் குறிக்கப்பட்டிருக்கும். கலச்சுவரின் தடிப்பு குறிக்கப்பட்டிராது. யுரேனியத்தின் திணிவு இருக்கும். அதிலுள்ள மாசுக்களின் அளவு இராது. அறைச்சுவர் எவ்வளவு தொலைவில் இருந்தது என்பது எவர்க்கும் தெரியாது. இத்தகைய அளவீட்டுடன் கணிப்பு ஒத்துவராதவிடத்து, வழு கணிப்பினதா அளவீட்டினதா என்பதைப் பிரித்தறிய இயலாது. உரைகல்லே ஐயத்துக்குரியதாயின் பொன்னை உரைத்து என்ன பயன்?

உரைகற்களைத் தொகுத்தமை

1992 இல் ஐக்கிய அமெரிக்கச் சக்தித் திணைக்களத்தின் ஆதரவிலே இடாகோ ஆய்வுகூடத்தை மையமாகக்கொண்டு பெருந்தொகுப்பு முயற்சியொன்று தொடங்கியது. 1995 இல் அது பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி நிறுவனத்தின் அணுசக்தி முகவராண்மையின் பணிகளுள் ஒன்றாகி, சர்வதேச முயற்சியாயிற்று. பழைய ஆய்வேடுகள் தேடப்பட்டன. அளவீடு எடுத்தோர் உயிருடன் இருக்கும்போதே அவர்தம் நினைவுகளும் கேட்டறியப்பட்டன. பனிப்போர் முடிந்த அக்காலத்திலே, சோவியத் ஆய்வுகூடங்களில் அதுவரை வெளிவராதிருந்த அளவீடுகளும் அமெரிக்க அளவீடுகளும் ஒரே கைந்நூலில் இடம்பெற்றன.

இக்கைந்நூலின் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரே ஒழுங்கினது: பரிசோதனை பற்றிய முழு விவரணம், தரவுகளின் மதிப்பீடு, கணிப்புக்கு வேண்டிய உரைகல் வடிவம், மாதிரிக் கணிப்புக்கள் என நான்கு பகுதிகள் அதிலுண்டு. திணிவு, ஆரை, அடர்த்தி, சமதானிக் கூறு, மாசு, வெப்பநிலை ஆகிய ஒவ்வொன்றின் நிச்சயமின்மையும் பெருக்கக் காரணியை எவ்வளவு பாதிக்கும் என்பது மதிப்பிடப்படுகின்றது. கோடைவாவின் பெறுமானம் 1.000 எனவும் அதன் நிச்சயமின்மை 0.001 எனவும் வரையறுக்கப்பட்டமை இதற்கோர் உதாரணமாகும். காலப்போக்கிலே 20 இற்கும் மேற்பட்ட நாடுகளின் ஏறத்தாழ 5,000 சேர்மானங்கள் இத்தொகுப்பிலே சேர்ந்தன.

தொகுப்பு முழுமை பெறப்பெற, அதன் வெற்றிடங்களும் புலப்பட்டன. வேகமிக்க நியூத்திரன்களுக்கும் வெப்ப நியூத்திரன்களுக்கும் உரைகற்கள் மிகுந்திருந்தன. இடைச்சக்தி நியூத்திரன்களுக்கு மிக அரிதாயிருந்தன. ஒரே கோல்களையும் ஒரே கருவிகளையும் கொண்டு ஒரே ஆய்வுகூடத்தில் எடுக்கப்பட்ட நூறு அளவீடுகள் நூறு சாட்சிகளாகா என்பதும் உணரப்பட்டது. கோலின் விட்டத்தில் வழு இருப்பின் அது நூறிலும் இருக்கும். ஒரே சாட்சியை நூறு முறை அழைத்ததாகவே முடியும். வேறொரு நுட்பமான சிக்கலும் உண்டு. ஒரு குறுக்குவெட்டிலுள்ள வழுவை மற்றொன்றிலுள்ள வழு ஈடுசெய்வதால், கணிப்பு உரைகல்லுடன் தற்செயலாக ஒத்துப்போதல் கூடும். அத்தகைய ஒற்றுமை, வேறோர் அமைப்புக்குச் செல்லுமிடத்து நிலைக்காது.

வினாவுக்கேற்ற பரிசோதனை

ஆகவே, 20 ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டிப் பரிசோதனை வகுக்கும் நெறி புதியதொரு வடிவம் பெற்றது. எந்தத் தரவிலே ஐயம் உளதோ அந்தத் தரவே பெருக்கக் காரணியை வலிதாகப் பாதிக்குமாறு சேர்மானத்தை அமைத்தல் அந்நெறியாகும். ஒரு குறுக்குவெட்டைச் சிறிதளவு மாற்றினால் பெருக்கக் காரணி எவ்வளவு மாறும் என்பது உணர்திறன் எனப்படும். தொழிற்சாலை அமைப்பொன்றின் உணர்திறன்களும் பரிசோதனையொன்றின் உணர்திறன்களும் எவ்வளவு ஒத்துள்ளன என்பதை ஒரே குணகத்தால் அளக்கும் முறை ஓக் றிட்ஜில் உருவாயிற்று. அக்குணகம் 0.9 ஐ விஞ்சுமிடத்து இரண்டும் நெருங்கிய ஒப்புமை உடையன எனக் கொள்வது வழக்கம். இவ்வாறு, பரிசோதனையை நடத்துவதற்கு முன்னரே அதன் தகுதியைக் கணிப்பால் அறிய முடிந்தது.

மூன்று உதாரணங்கள் இந்நெறியை விளக்கும். லொஸ் அலமொசில் நடந்த சூஸ் பரிசோதனைகளில், யுரேனியத் தகடுகளுக்கிடையே பென்சிற்கரித் தகடுகளை வைத்து இடைச்சக்தி நியூத்திரன்கள் மிகுவிக்கப்பட்டன. தடித்த செப்புச் சுவர் தெறிப்பானாகியது. யுரேனியத் தரவைச் சோதிக்கவே அவை வகுக்கப்பட்டன. ஆயின், கணிப்பும் அளவீடும் ஒத்துவராதவிடத்துச் செப்பின் தரவும் ஐயத்துக்குள்ளாகி மீளாய்வு செய்யப்பட்டது. சுவரென எண்ணியதே சாட்சியாயிற்று.

இரண்டாவது உதாரணம் நெப்தூனியம்-237. அவதித் திணிவுக்கு வேண்டிய அளவு நெப்தூனியத்தை ஓரிடத்திற் சேர்த்தல் அரிது. ஆதலின், ஏறத்தாழ 6 கிலோகிராம் நெப்தூனியக் கோளத்தை வார்த்து, அதனைச் சுற்றி யுரேனிய ஓடுகளை அடுக்கி, 2002 இல் லொஸ் அலமொசிலே அச்சேர்மானம் அவதிநிலைக்குக் கொணரப்பட்டது. நன்கறியப்பட்ட யுரேனியத்தின் பங்கை நீக்கியபின் நெப்தூனியத்தின் பங்கு தெரியவந்தது. அதன் அவதித் திணிவு ஏறத்தாழ 60 கிலோகிராம் எனத் துணியப்பட்டது. கைவசமுள்ள சிறிதளவு பொருளைக் கொண்டு அறியாததை அறியும் வழி இதுவாகும்.

மூன்றாவது உதாரணம் பிரான்சின் வல்டக் நிலையத்திலே 1988 முதல் 1990 வரை நடந்த பரிசோதனைகள். உலையிலே எரிந்த எரிபொருளின் யுரேனிய, புளூத்தோனியக் கூறுகளை ஒத்த கோல்கள் இதற்கெனவே ஆக்கப்பட்டன. எரிந்த எரிபொருளை எரியாததெனக் கருதியே களஞ்சியங்கள் வகுக்கப்பட்டுவந்தன; அது பாதுகாப்பானதாயினும் பெருஞ்செலவானது. எரிந்தமையைக் கணக்கிற்கொள்ள வேண்டுமாயின், அதற்கேற்ற உரைகல் வேண்டும். அதனை இப்பரிசோதனைகள் வழங்கின.

இன்று ஐக்கிய அமெரிக்காவின் திட்டத்திலே ஒரு பரிசோதனை, தேவையை நியாயப்படுத்தல், முன்வரைவு, இறுதி வரைவு, நடத்துதல், மதிப்பிட்டு வெளியிடல் என்னும் படிகளைக் கடக்கின்றது. முன்வரைவிலேயே எதிர்பார்க்கப்படும் நிச்சயமின்மை கணிக்கப்படுகின்றது. அது சோதிக்கவிருக்கும் சாய்விலும் பெரிதாயின், அப்பரிசோதனை நடத்தத்தக்கதன்று.

ஓர் ஐயமும் அதன் விடையும்

1999 செத்தெம்பர் 30 ஆம் நாள் ஜப்பானின் டோக்காய்முராவில் நிகழ்ந்தது இவ்வரலாற்றுக்கே ஓர் ஐயத்தை எழுப்புகின்றது. 18.8 சதவீதம் செறிவூட்டிய யுரேனியக் கரைசலை, வகுக்கப்பட்ட ஒடுங்கிய கலங்களைத் தவிர்த்து, வாளிகளால் அகன்ற தொட்டியொன்றிலே ஊற்றினர். அத்தொட்டிக்கு விதித்த எல்லை 2.4 கிலோகிராம், அதிலே சேர்ந்ததோ ஏறத்தாழ 16 கிலோகிராம் யுரேனியம். தொட்டியைச் சூழ்ந்த குளிர்நீர் தெறிப்பானாகியமையால் தாக்கம் ஏறத்தாழ 20 மணிநேரம் நீடித்தது. அந்நீரை வடித்தகற்றிய பின்னரே அது அடங்கியது. தொழிலாளர் இருவர் இறந்தனர். இங்கு கணிப்பு தவறவில்லை. விதித்த எல்லையும் தவறவில்லை. எல்லையின் பொருள் அவர்க்குக் கற்பிக்கப்படவில்லை.

2000 ஆம் ஆண்டில் லொஸ் அலமொஸ் வெளியிட்ட மீளாய்வு, அதுவரை தொழிற்சாலைகளில் நிகழ்ந்த 22 அவதிநிலை விபத்துக்களை ஆராய்ந்தது. அவற்றுள் 21 கரைசல்களில் நிகழ்ந்தவை. கணிப்பாளரின் தவறான கணிப்பால் ஒன்றேனும் நிகழ்ந்ததாக அம்மீளாய்வு காணவில்லை. அவ்வாறாயின், கணிப்பைச் சோதிக்க இவ்வளவு முயற்சி ஏன் என்று ஒருவர் வினவலாம்.

அதற்குரிய விடை இருவகைப்படும். முதலாவது, கணிப்பு எவரையும் கொல்லாதிருந்தமைக்குக் காரணம் அதற்குப் பின்னால் அளவீடு நின்றமையே. 600 கிராம் என்ற 1940 ஆம் ஆண்டின் கணிப்பு உண்மையிலும் குறைவாயிருந்தது. அதனைக்கொண்டு வகுத்த எல்லை எவர்க்கும் ஊறு செய்திராது. அதே அளவு தவறு எதிர்த்திசையில் நேர்ந்திருப்பின் அதன் விளைவு வேறாயிருக்கும். இரண்டாவது, அகன்ற இடைவெளிகள் இருந்த காலத்திலே சிறிய சாய்வுகள் வெளித்தோன்றவில்லை. புதிய எரிபொருள்களும் உயர்ந்த செறிவூட்டலும் நெருக்கமான களஞ்சியங்களும் அவ்விடைவெளிகளைச் சுருக்க முற்படுகின்றன. இடைவெளி சுருங்குந்தோறும் உரைகல்லின் பொறுப்பு மிகும்.

ஆனால், நிலையங்களோ குறைந்துவந்தன. ஓக் றிட்ஜ், ஹான்போர்ட், றொக்கி பிளற்ஸ் ஆகிய இடங்களிலிருந்த அவதிநிலை ஆய்வுகூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பஜரீற்றோப் பள்ளத்தாக்கிலும் 2004 இல் பரிசோதனைகள் நின்றன. அங்கிருந்த இயந்திரங்கள் நெவாடாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 2011 இல் புதிய நிலையத்தில் மீண்டும் அவதிநிலைப் பரிசோதனைகள் தொடங்கின. இடைப்பட்ட ஆண்டுகளிலே இழக்கப்படும் அபாயத்துக்குள்ளானது இயந்திரத்தினும் மேலாக அனுபவமே. வரைபிலே கோடு வளையும் விதத்தைக் கண்டு அடுத்த படிக்குச் செல்வதா நிற்பதா எனத் துணியும் திறன் நூலிலிருந்து மாத்திரம் வருவதன்று.

முடிவுரை

எவ்வளவு வேண்டும், எவ்வளவு பாதுகாப்பானது, கணிப்பு எவ்வளவு தவறுகின்றது என்னும் மூன்று வினாக்களினூடாக இவ்வரலாறு நகர்ந்து வந்துள்ளது. முதலாவது வினாவுக்கு விடைகண்டோர் துணிவுடையோராயிருந்தனர். இருவர் அத்துணிவுக்கு உயிரை விலையாகக் கொடுத்தனர். இரண்டாவதற்கு விடைகண்டோர் விடாமுயற்சியுடையோர். மூன்றாவது வினாவோ தன் அறிவின் எல்லையைத் தானே அளந்துகொள்ளும் அடக்கத்தை வேண்டி நிற்கின்றது. கணித்தவர் தன் கணிப்பை ஐயுற்று, அவ்வையத்தைத் தீர்க்கவல்ல பரிசோதனையைத் தானே வகுத்து, அதன் தீர்ப்புக்கு உட்படுகின்றார்.

இதனால் பயன்பெறுவோர் பெரும்பாலும் இக்கணிப்புக்களைக் காணாதோர். தொட்டியின்மேல் ஒட்டப்பட்ட எல்லை எண்ணை நம்பித் தொழில்புரிவோர்க்கு அதனைச் சரிபார்க்கும் வாய்ப்பில்லை. அவ்வெண்ணுக்குப் பின்னே அளந்தறிந்த சான்று இருத்தல் வேண்டும். அவ்வெண்ணின் பொருளும் அவர்க்கு உணர்த்தப்படல் வேண்டும். முன்னையது ஆய்வுகூடத்தின் கடன். பின்னையது நிறுவனத்தின் கடன். இரண்டில் ஒன்று தவறினும் விளைவு ஒன்றே என்பதை டோக்காய்முரா காட்டிச் சென்றது.